அவ கை பட்ட எலிங்க

எங்க ஆராய்ச்சிக் கூடத்துல அவளை எல்லாரும் நிமிஷம்னுதான் கூப்பிடுவாங்க. வேலைக்குச் சேந்த புதுசுல "சாப்பிட வரியாம்மா?"ன்னு கேட்டா, "பதினொரு நிமிஷத்துல வரேன்"னு சொல்லுவா. பத்தும் இல்ல, பன்னண்டும் இல்ல. சரியா பதினோராவது நிமிஷம் டிபன் டப்பாவைத் தூக்கிட்டு வந்து நிப்பா. அந்தப் பேரை வெச்சது நான்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

நான் யாருன்னு கேக்குறீங்களா? எலிக் கூண்டு கழுவுறவன். அடித்தளத்துல ஜன்னல் இல்லாத நாலு ரூம், அதுல ஆயிரத்துச் சொச்சம் சுண்டெலி. மரத்தூளை மாத்தணும், தீனி போடணும், தண்ணி பாட்டில் ரொப்பணும். பரிசோதனை முடிஞ்ச எலிங்களை வாயுப் பெட்டியில வெச்சு முடிச்சு, பையில கட்டி, உறைபெட்டியில போடுறதும் என் வேலைதான். அதைக் கேட்டு யாராவது மூஞ்சியைச் சுளிச்சா எனக்குக் கெட்ட கோபம் வரும். ஏன்யா, தலைவலிக்கு மாத்திரை முழுங்குறப்ப மட்டும் சுளிக்கிறதில்லையே?

நிமிஷம் என்னை மாதிரி இல்ல. படிச்சவ. ஊசி போடுறது, அளக்குறது, எழுதுறது எல்லாம் அவ வேலை. முப்பத்து நாலு வயசு. அப்பா அம்மா போய்ச் சேந்துட்டாங்க, கல்யாணம் பண்ணிக்கல, இருந்தது ஒரே ஒரு தம்பி. அந்தத் தம்பியை எனக்கு நல்லாத் தெரியும். லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். எங்க கட்டடத்து லிஃப்ட் மக்கர் பண்ணினா அவன்தான் வருவான். வந்தா ஒரே சிரிப்புச் சத்தம்தான். "உங்க எலியெல்லாம் இதுல ஏறுதா அண்ணா? கயிறு பூரா கடிச்சு வெச்சிருக்கே"ம்பான். அப்படிப்பட்ட பையன் திடீர்னு ஒரு வருஷம் வேலைக்குப் போறதை விட்டான். அப்புறம் குளிக்கிறதை விட்டான். அப்புறம் செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான்.

டாக்டர்கிட்ட காட்டாம இல்ல. பக்கத்துக் கட்டடம் ஆஸ்பத்திரிதான். ஒரு மாத்திரை குடுத்தாங்க, ஆறு வாரம் பொறுன்னாங்க. ஆறு வாரம் பொறுத்து, கேக்கலைன்னதும் வேற மாத்திரை, திரும்ப ஆறு வாரம். மூணாவது மாத்திரை ஓடிக்கிட்டிருந்தப்ப ஒரு தடவை அவன் சாகப் பாத்தான். இவ பஸ்ஸைத் தவற விட்டு வீட்டுக்குத் திரும்பினதால தப்பிச்சான். அதுக்கப்புறம் வேலைக்கு நடுவுல மணிக்கு ஒரு தடவை வீட்டுக்கு ஃபோன் போடுவா. அவன் ஒண்ணும் பேச மாட்டான், எடுத்து "ம்"னு மட்டும் சொல்லுவான். அந்த "ம்"மைக் கேட்டுட்டுத்தான் அடுத்த எலியைத் தொடுவா.

அந்த நேரம் பாத்து வந்துச்சு இந்த மயக்க மருந்து.

புது மருந்து இல்லீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஆளை மயக்கக் குடுக்குற பழைய மருந்துதான். அதையே துளியூண்டு குடுத்தா, மனசு ஒடிஞ்சு கெடக்குறவங்க வாரக்கணக்குல காத்திருக்க வேணாம், ஒரே நாள்ல எழுந்து உக்காருவாங்கன்னு ஒரு பேச்சு. எங்க பெரிய டாக்டர் அதை எலியில பாத்துடணும்னு கிளம்பினாரு. மனுசனுக்குக் கோபம் மூக்குக்கு மேல, ஆனா அறிவாளி. எலி ரூம் பக்கம் மட்டும் வர மாட்டாரு. நாத்தமாம்.

எலிக்குச் சோகம்னு எப்படித் தெரியும்? அது வாயைத் தொறந்து சொல்லுமா? அதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. உயரமான கண்ணாடிக் குடுவையில தண்ணி ரொப்பி எலியை உள்ள விட்டுடுவாங்க. ஆறு நிமிஷம். ஏற முடியாது, கால் தரையில எட்டாது. முதல்ல நீந்தும், சுவரைப் பிறாண்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கையைக் காலை விட்டுட்டு, மூக்கை மட்டும் மேல வெச்சுக்கிட்டு சும்மா மிதக்கும். எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், இன்னும் அந்த நேரத்துல வேற பக்கம் திரும்பிக்குவேன். கடைசி நாலு நிமிஷத்துல எத்தனை செகண்ட் சும்மா மிதந்துச்சுன்னு ஸ்டாப்வாட்ச்ல எடுக்கணும். கொஞ்ச நேரம் மிதந்தா மருந்து கேட்டுச்சுன்னு அர்த்தம். பாதி எலிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணி, முந்தின நாளே ஊசி போட்டுடணும். ஒரு எலியும் சாகாது, எடுத்துத் துடைச்சு விளக்குச் சூட்டுல விட்டுடுவாங்க. சாகறது அப்புறம், என்கிட்ட.

முதல் தடவை இதைப் பண்ணினவன் நெட்டை. ஆறடிக்கு மேல இருப்பான், நல்ல வேலைக்காரன். அவன் பண்ணினப்ப மருந்து பிரமாதமா கேட்டுச்சு. ஊசி வாங்கின எலிங்க கடைசி வரைக்கும் காலை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க, "இன்னொரு தடவை இதே மாதிரி வரட்டும், உடனே ஆளுங்களுக்குக் குடுத்துப் பாக்குறோம்"னாங்க. எந்த மருந்தும் கேக்காத பத்துப் பேர் பேரை லிஸ்டும் போட்டுட்டாங்க. அதுல முதல் பேரு நிமிஷத்தோட தம்பி.

நெட்டைக்கு வேற எடத்துல பெரிய வேலை கெடச்சுது, கெளம்பிட்டான். இன்னொரு தடவை பண்ற பொறுப்பு இவ தலையில விழுந்துச்சு. லிஸ்ட்ல தம்பி பேரு இருக்குன்னு பெரிய டாக்டருக்குத் தெரியாது. தெரிஞ்சா இவளை அந்த வேலையைத் தொட விட மாட்டாரு. என்கிட்ட மட்டும் சொன்னா, அதுவும் நான் நோண்டி நோண்டிக் கேட்டதால.

அவ அந்த அறுபது எலியைப் பாத்துக்கிட்டதை நீங்க பாத்திருக்கணும். பெத்தவகூட அப்படிப் பாத்துக்க மாட்டா. ஒரு வாரம் முன்னாடியே அந்த ரூம் சாவியை என்கிட்டேருந்து வாங்கிட்டா.

"இந்த ரூம்ல இனிமே நீங்க எதையும் தொட வேணாம் அண்ணா. மரத்தூளு, தீனி எல்லாம் நானே மாத்திக்கறேன். ஒரே கை பழகினாத்தான் அதுங்க பயப்படாம இருக்கும்."

"ஏன், என் கையில என்ன முள்ளா இருக்கு?"

"கையில இல்ல, தொண்டையில இருக்கு. நீங்க பேசுற சத்தத்துக்கே பாதி எலி மூலையில போய் ஒண்டிக்குது. கோவிச்சுக்காதீங்க, வெளியிலயே நில்லுங்க."

கோவிச்சுக்கத்தான் செஞ்சேன். இருபத்திரண்டு வருஷமா நான் வளக்குற எலிகிட்ட என்னையே சேக்க மாட்டேன்னா கோபம் வராதா? ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் தம்பி ஞாபகம் வந்து, சரி தொலையட்டும்னு கதவுக் கண்ணாடி வழியா மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு எலியையும் உள்ளங்கையில ஏந்தி, ஏதோ முணுமுணுப்பா. அதுங்க அவ சட்டைக் கையில ஏறி உக்காந்துக்கும். ஊசி போடுறப்ப ஒண்ணுகூடக் கத்தல.

மறுநாள் குடுவையில விட்டா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. அன்னிக்குச் சாயங்காலம் வெளிய வந்தவ முகத்துல ஈயாடல.

"என்னம்மா?"

"ஒரு வித்தியாசமும் இல்ல அண்ணா. உப்புத் தண்ணி எலியும் மிதக்குது, மருந்து எலியும் அதே அளவு மிதக்குது."

பெரிய டாக்டர் குதிகுதின்னு குதிச்சாரு. இன்னொரு அறுபது எலி எடுத்து முதல்லேருந்து பண்ணுன்னாரு. நெட்டை பண்ணினதை எடுத்து வெச்சுக்கிட்டு வரிக்கு வரி அதே மாதிரி பண்ணினா. அதே மருந்து, அதே அளவு, தண்ணிச் சூடுகூட அதே. ஒரு வாரம் எலிங்களை இன்னும் ஆசையாப் பழக்கினா. குடுவையில விடுற அன்னிக்கு, பாதி எலி முடிஞ்சப்பவே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நடுவுல வெளிய வந்து செவுத்துல சாஞ்சு நின்னா.

இப்ப நான் சொல்றதுக்கு என்னைத் திட்டணும்னா திட்டிக்குங்க. எந்த எலிக்கு மருந்து போச்சுன்னு யாருக்கும் தெரியக்கூடாது, பாட்டில் மேல எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். ஆனா ஊசி போட்ட பத்து நிமிஷத்துல மருந்து எலி குடிகாரன் மாதிரி தள்ளாடும், போட்டவங்களுக்கு மறைக்க முடியுமா? அன்னிக்கு ஆள் பத்தாத நேரம், ஊசி போட்டவளும் அவதான், ஸ்டாப்வாட்ச் பிடிச்சவளும் அவதான்.

நான் அக்கம் பக்கம் பாத்துட்டு, "ஏம்மா, மருந்து எலிக்கு மட்டும் பத்துப் பத்து செகண்ட் கொறச்சு எழுதிட்டா யாரு வந்து கேக்கப்போறா? எலி வந்து சாட்சி சொல்லுமா?"ன்னேன்.

என்னை ஒரு பார்வை பாத்தா.

"கேக்காத மருந்தைக் கேக்குதுன்னு எழுதி, அதை என் தம்பி ஒடம்புலயே ஏத்தச் சொல்றீங்களா? அவனுக்கு இன்னொரு தடவை நம்பிக்கை குடுத்து, அதுவும் பொய்யாப் போனா அவன் தாங்குவானா அண்ணா?"

அவ மூக்கைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயி மிச்ச எலிங்களையும் முடிச்சா. உள்ளதை உள்ளபடி எழுதினா. நூத்திருபது எலி, ஒரு பலனும் இல்ல.

பெரிய டாக்டர் எல்லார் முன்னாடியும் கத்தினாரு. "நெட்டை கையில வந்தது உன் கையில ஏன் வரல? ஒழுங்கா ஊசி போடத் தெரியாத கை உனக்கு!" அவ மணி ஆச்சுன்னு வீட்டுக்கு ஃபோன் போடப் போயிட்டா. ஆஸ்பத்திரிக்காரங்க லிஸ்டைக் கிழிச்சுப் போட்டாங்க. அந்த நூத்திருபதையும் நான்தான் பையில கட்டினேன்.

ஆறு வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவ வேலையிலேருந்து போட்ட ஃபோன் வீட்டுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவன் எடுக்கல. இவ கையுறையைக்கூடக் கழட்டாம ஓடினா. நானும் பின்னாடியே ஓடினேன். அதுக்கு மேல அதைப் பத்தி நான் பேச மாட்டேன். அவனை எடுத்துக்கிட்டுப் போறப்ப அவ அழவே இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு வந்தா, ராஜினாமா எழுதிக் குடுத்தா, போயிட்டா. குடிதண்ணி சோதிக்கிற எடத்துல வேலைன்னு கேள்விப்பட்டேன். "அவ கைதான் சரியில்ல"ங்கற பேச்சு மட்டும் எங்க எடத்துலயே தங்கிடுச்சு. புதுசா வர்றவங்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க. நான் எத்தனை தடவை சண்டைக்குப் போயிருப்பேன், என் பேச்சை யாரு மதிக்கிறா?

ரெண்டரை வருஷம் போச்சு. வேற எடங்கள்ல அந்த மருந்து கேக்குதுன்னு சேதி வர வர, பெரிய டாக்டருக்கு இருப்புக் கொள்ளல. மறுபடி ஆரம்பிச்சாரு. ஒரு பையனைப் போட்டாரு, மருந்து கேட்டுச்சு. "பாத்தீங்களா, நான் அன்னிக்கே சொல்லல?"ன்னாரு. அடுத்து ஒரு பொண்ணைப் போட்டாரு, கேக்கல. உடனே அந்தப் பொண்ணு கையும் சரியில்லன்னு ஆரம்பிச்சாரு. ஆனா அவ நம்ம நிமிஷம் மாதிரி வாயில்லாதவ இல்ல, சரியான வாயாடி.

"சார், எனக்கு ஊசி போடத் தெரியலைன்னா நீங்களே வந்து போட்டுக் காட்டுங்க"ன்னா.

மானப் பிரச்சினை ஆயிடுச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து போட்டாரு. கேட்டுச்சு. அவருக்கு ஒரே கொண்டாட்டம். ஆனா வாயாடி விடல. நாலு பொண்ணுங்களை வெச்சுப் போட்டுப் பாத்தா, நாலு பேர் கையிலயும் கேக்கல. நாலு ஆம்பளைங்க போட்டா நாலு பேர் கையிலயும் கேக்குது. ஒரு நாள் என்கிட்ட ஓடி வந்து, "அண்ணா, நீங்க போட்டிருக்குற சட்டையைக் கழட்டிக் குடுங்க"ன்னா.

"எதுக்கும்மா? துவைக்கல, நாலு நாள் வேர்வை."

"அதான் வேணும்!"

என் அழுக்குச் சட்டையைக் கூண்டுக்குப் பக்கத்துல போட்டு வெச்சுட்டு, அவளே ஊசி போட்டா. மருந்து கேட்டுச்சுங்க. சத்தியமா கேட்டுச்சு. விஷயம் இதுதான். ஆம்பளை வாடை பட்டா எலிக்கு உள்ளுக்குள்ள ஒரு பதட்டம் வருதாம். அந்தப் பதட்டம் இருந்தாத்தான் இந்த மருந்து எலிக்கு வேலை செய்யுதாம். பொம்பளைங்க கையில அதுங்க நிம்மதியா இருந்துடுது, மருந்துக்கு அங்க வேலையே இல்ல. மனுசங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லைன்னு சொன்னாங்க.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அன்னிக்கு நிமிஷம் என்னை வெளிய நிக்கச் சொல்லாம இருந்திருந்தா? நான் ஒரு வேலையும் செய்ய வேணாம், மூலையில ஸ்டூலைப் போட்டு வேர்க்க விறுவிறுக்க உக்காந்திருந்தா போதுமே! அந்த நினைப்பு வந்துச்சு. வந்ததை அப்படியே ஓரமாத் தள்ளி வெச்சுட்டேன். அவ கை மேல தப்பில்ல, அவ பேரு சுத்தமாயிடுச்சுங்கறது மட்டும்தான் என் மண்டையில ஏறுச்சு. இதை நான் போயி சொல்லணும்னு துடிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரியிலயும் ஆளுங்களுக்குக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. கதவைத் தொறந்தவளைப் பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு. கொஞ்சம் சதை போட்டிருந்தா. முன்னாடி மாதிரி கண்ணுக்குக் கீழ கறுப்பு இல்ல. "வாங்க அண்ணா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"ன்னு சிரிச்சா. டீ போட்டா. தண்ணி சோதிக்கிற எடத்துல இவளுக்குக் கீழ மூணு பேரு வேலை செய்யுறாங்களாம், அதுல ஒருத்தி இவளை விட நேரம் பாக்குறவளாம்.

"நான் ஒரு நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்"ன்னேன்.

ஆதியோட அந்தமா சொன்னேன். பெரிய டாக்டர் மூக்கைப் பொத்திக்கிட்டு வந்ததை நடிச்சே காட்டினேன். என் சட்டைக் கதையைச் சொல்லி நானே விழுந்து விழுந்து சிரிச்சேன். அவ மடியில கையை வெச்சுக்கிட்டுக் கேட்டா.

"உன் கை மேல ஒரு தப்பும் இல்லம்மா. பெரிய டாக்டரே ஒத்துக்கிட்டாரு. உனக்கு லெட்டர் எழுதுறேன்னிருக்காரு."

"அப்ப அந்த மருந்து கேக்குதா அண்ணா?"

"ஜோராக் கேக்குது! ஆஸ்பத்திரியில எட்டு பேருக்குக் குடுத்தாங்க. அஞ்சு பேரு மறுநாளே எழுந்து உக்காந்து, சாப்பாடு கேட்டு..."

என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்னு அப்பத்தான் எனக்கே உறைச்சுது. நாக்கைக் கடிச்சு என்ன பிரயோஜனம், சொல்லிட்டேனே.

அவ என்னை நேராப் பாத்துக் கேட்டா.

"அன்னிக்கு நீங்க சொன்னீங்க, பத்து செகண்ட் கொறச்சு எழுதுன்னு. எழுதியிருந்தா என் தம்பிக்கு முதல்ல குடுத்திருப்பாங்க. அப்படித்தானே?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா. எட்டுல மூணு பேருக்குக் கேக்கலியே."

"அஞ்சு பேருக்குக் கேட்டிருக்கே."

நான் டீ டம்ளரையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"என் கை சரியில்லன்னு அவங்க பேசினதுக்கு நான் ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்ல அண்ணா. பேசினா பேசிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். மருந்து ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு நூத்திருபது எலியில என் கண்ணால பாத்தேன். அதனால நான் என்ன பண்ணியிருந்தாலும் அவன் போயிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைக்க ஆரம்பிச்சப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. அதையும் கெடுக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

குரலை ஒசத்தல. திட்டியிருந்தா, கையில இருக்குறதைத் தூக்கி அடிச்சிருந்தாகூட வாங்கிக்கிட்டிருப்பேன். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "தெரியாம வந்துட்டேம்மா"ன்னு சொல்லி எழுந்தேன்.

அவ உக்காந்த எடத்தை விட்டு எழுந்திருக்கல.

"கதவைச் சாத்திட்டுப் போங்க அண்ணா"ன்னா. சாத்திட்டு எறங்கி வந்தேன்.